மெழுகு நூலும் பொய்த் தட்டானும்

செருப்புத் தைக்கிற நூலை வெறும் நூலாக அப்படியே ஊசியில் கோர்க்க முடியாது. மெழுகு பூச வேண்டும். தேன்மெழுகுக் கட்டியை இடது கையில் பிடித்து, நூலை அதன்மேல் கட்டைவிரலால் அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தால் நூல் மெழுகைக் குடித்துக்கொண்டு வரும். மெழுகு குடித்த நூல் நழுவாது. சேற்றிலும் தண்ணீரிலும் சீக்கிரம் இற்றுப்போகாது. இழுத்துப் போட்ட முடிச்சு போட்ட இடத்திலேயே நிற்கும். பாலக்கோடு வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் என் தாத்தா இப்படி மெழுகு நூல் இழுத்தே வாழ்ந்து முடித்தார். என் நைனா பாலக்கோட்டில் பஸ் ஏறுகிற சனங்களின் அறுந்த செருப்பைத் தைத்தே என்னை எம்.ஏ. தமிழ் வரைக்கும் படிக்க வைத்தார். நாங்கள் அருந்ததியர். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவைத் தாண்டினால் தமிழ். அப்பாவை நைனா என்றும் பாட்டியை அவ்வா என்றும்தான் கூப்பிடுவோம்.

கரண்டு மோட்டார் வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் கவலை ஓடியது. இரண்டு மாடு கட்டி, சாலில் தண்ணீர் மொண்டு, மேட்டுக்கு இழுத்து வாய்க்காலில் கொட்டுவார்கள். சாலின் அடியில் தும்பிக்கை மாதிரித் தொங்குகிற தோல்வாயைத் தைப்பது தாத்தாவின் வேலை. ஒழுகினால் ஏச்சு விழும். ஒழுகாவிட்டால் களத்து மேட்டில் கொஞ்சம் கேழ்வரகு விழும். அவர் தைத்த தோலுக்குள் புகுந்து வந்த தண்ணீர்தான் ஊர்த்தெருக்காரர்களின் வயலுக்கெல்லாம் பாய்ந்தது. அந்தத் தோல் கிணற்றுக்குள் தினம் நூறு தரம் இறங்கி ஏறலாம். தைத்தவர் ஒரு தரம்கூட இறங்கக் கூடாது. செத்த மாட்டின் தோலுக்கு இல்லாத தீட்டு உயிரோடு இருக்கிற மனுசனுக்கு இருந்தது.

தாத்தாவின் தையலைக் கலை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எம்.ஏ. வகுப்பில் அழகியல் என்று ஒரு தாள் முழுக்கப் படித்தேன். அதில் கோயில் தூண் வந்தது, ஓலைச் சுவடி வந்தது, யாழ் வந்தது. தோலும் நூலும் வரவில்லை. எங்கள் தொழிலின் பெயர் சாதியின் பெயராகி, சாதியின் பெயர் வசவாகி, இன்றைக்கும் பாலக்கோடு கடைத்தெருவில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டால் அந்த வசவுதான் முதலில் வாயில் வருகிறது.

இதே மெழுகு நூல் வேறு ஒரு நாட்டில், வேறு ஒருவர் கையில் கலை ஆகியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மீன் பிடிக்க மண்புழு கோர்க்கிறோம், மாவு உருட்டி வைக்கிறோம். வெள்ளைக்காரர்கள் வேறு ஒன்றும் செய்கிறார்கள். தூண்டில் முள்ளின் மேல் நூல், இறகு, மயிர், கம்பளி இவற்றை வைத்துக் கட்டிப் பொய்யாக ஒரு பூச்சி செய்கிறார்கள். ஈ, கொசு, வெட்டுக்கிளி, தட்டான் என்று எந்தப் பூச்சியை மீன் தின்னுமோ அந்தப் பூச்சி. அதைத் தண்ணீர்மேல் வீசினால் மீன் ஏமாந்து கவ்வும். இது நேற்று வந்த பழக்கம் இல்லை. ஏறக்குறைய 1800 வருசத்துக்கு முன்னால் வாழ்ந்த ரோம எழுத்தாளர் ஈலியன், மாசிடோனியாவில் ஓர் ஆற்றோரத்து மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவல் இறகு இரண்டு வைத்துக் கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் 1496 இல் அச்சான தூண்டில் நூல் ஒன்றில் 12 வகைப் பொய்ப் பூச்சிகளுக்குச் செய்முறை இருக்கிறது. பின்னால் இது பண்ணையார்களும் பாதிரிமார்களும் பட்டாளத்து அதிகாரிகளும் பொழுதுபோக்காகச் செய்கிற காரியம் ஆயிற்று. அதற்கென்று புத்தகங்கள், கழகங்கள், கண்ணாடிப் பெட்டிகள் எல்லாம் வந்தன. அந்தக் கனவான்கள் பட்டு நூலுக்கு எந்த மெழுகைப் பூசினார்கள் தெரியுமா? செருப்புத் தைக்கிறவனின் மெழுகு. அவர்களின் பழைய செய்முறைகளில் அந்த மெழுகுக்குப் பெயரே அதுதான்.

இதை நான் எந்த நூலகத்திலும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் தருமபுரி மாவட்டத்தில் அணைக்கட்டுகளின் ஓரமாக இலங்கைத் தமிழர் முகாம்கள் இருப்பது வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். அவற்றில் ஒன்றுக்கு மனு எழுதிக் கொடுக்கிற வேலையாகச் சில வருசமாகப் போய் வருகிறேன். அங்கே ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய முப்பாட்டன் சேலம் ஜில்லாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர். தருமபுரி 1965 வரைக்கும் சேலம் ஜில்லாதான். ஆக எங்கள் பக்கத்து ஆளாகவே இருந்தாலும் இருக்கலாம். 1948 இல் இலங்கை அரசு போட்ட சட்டம் அந்தக் குடும்பத்தை நாடற்றவர்களாக்கியது. 1977 கலவரம் தோட்டத்திலிருந்து வன்னிக்கு விரட்டியது. பிந்தைய போர் வன்னியிலிருந்து ராமேசுவரத்துக்குப் படகேற்றியது. முப்பாட்டன் கூலியாகப் போன மண்ணுக்கு அவர் அகதியாகத் திரும்பி வந்திருக்கிறார்.

அவருக்கு ஒரு படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது, இலங்கையில் என்ன தொழில் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு முந்தி கொழும்புப் பக்கம் ஒரு பெக்டரியில பூச்சி கட்டினேன் தம்பி" என்றார்.

"பூச்சி கட்டுறதுன்னா?"

"தூண்டில்ல போடுற பூச்சி. வெள்ளக்காரனுக்கு."

தொழில் என்ற கட்டத்தில் எழுதுவதற்கு அந்த வேலைக்குத் தமிழில் ஒரு சொல் இல்லை. பேனாவை வைத்துவிட்டுக் கதை கேட்டேன்.

நீளமான மேசை. ஒவ்வொரு பெண்ணுக்கும் முன்னால் முள்ளைக் கவ்விப் பிடிக்க ஓர் இடுக்கி, ஒரு விளக்கு, ஒரு கத்தரி. எதிரே மாதிரிப் பூச்சி ஒன்றைக் குத்தி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து அதே மாதிரி டசன் கணக்கில் கட்ட வேண்டும். வால் ஒரு நெல் முனை நீண்டுவிட்டால் கழித்துவிடுவார்கள். கழித்ததற்குக் கூலி இல்லை. கட்டி முடித்தவை டப்பாவில் அடைபட்டு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும். இன்றைக்கும் இந்தப் பூச்சிகளைக் கையால்தான் கட்டுகிறார்கள். நூலையும் இறகையும் விரலின் பதத்துக்குச் சுற்றுகிற மெசின் அந்த வேலையைப் பிடித்துக்கொள்ளவில்லை. அங்கே கடைகளில் விற்கிறவற்றில் பெரும்பகுதி இலங்கை, கென்யா, தாய்லாந்து போன்ற நாடுகளில் கட்டப்பட்டவை. கட்டுகிறவர்களில் பெண்கள் ஏராளம்.

"அத வச்சு ஆராவது மீன் பிடிச்சத நான் ஒரு நாளும் கண்டதில்ல தம்பி. எந்த மீன், எந்த ஆறு, ஒண்டும் தெரியாது. நம்பர் மட்டும் தெரியும்."

என் தாத்தாவும் இப்படித்தான். சால் இறங்கும் கிணற்றின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

அடுத்த தரம் போகும்போது நைனாவின் பெட்டியிலிருந்து மெழுகுக் கட்டி, கறுப்பு நூல், தேய்ந்துபோன ஹவாய்ச் செருப்பின் நுரை ரப்பர் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். அக்கா ஒரு தட்டான் கட்டிக் காட்டினார். அதைப் படிப்படியாகச் சொல்லத்தான் வேண்டும். ஒரு கை என்னவெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறது என்பதை மொத்தமாகச் சொன்னால் யாருக்கும் உறைக்காது.

இடுக்கிக்குப் பதிலாக ஒரு கட்டிங் பிளேயரைக் கட்டிலின் காலோடு சேர்த்துக் கட்டி, அதன் வாயில் தூண்டில் முள்ளைக் கவ்வ வைத்தார். முள்ளின் தண்டு முழுக்க மெழுகு நூலை நெருக்கமாகச் சுற்றினார். வெறும் இரும்பின்மேல் எது கட்டினாலும் வழுக்கி உருளும். நூல்மேல் கட்டினால் உருளாது. பிறகு கண். தட்டானுக்குத் தலையே கண்தான். தடித்த நைலான் நரம்பில் ஒரு விரற்கடை வெட்டி, இரண்டு முனையையும் மெழுகுவத்தியில் காட்டினார். நைலான் உருகிச் சுருண்டு இரண்டு பக்கமும் கடுகு மாதிரி உருண்டை ஆயிற்று. அதை முள்ளின் குறுக்கே வைத்து எட்டுப் போடுகிற மாதிரி மாற்றி மாற்றி நூல் சுற்றியதும் இரண்டு கண்ணும் முறைத்துப் பார்த்தன. உடம்புக்கு நீல நைலான் கயிற்றில் ஒரு புரி. அதை முள்ளின் நீளத்தையும் தாண்டிப் பின்னால் நீள விட்டார். அதன்மேல் கறுப்பு நூலால் இடைவெளி விட்டுச் சுற்ற, தட்டானின் வாலில் இருக்கிற கணுக்கள் வந்துவிட்டன. முதுகுக்குச் செருப்பு ரப்பரில் ஒரு துண்டு. அது நுரை ரப்பர் என்பதால் பூச்சி முழுகாமல் மிதக்கும். இறக்கைக்கு வெள்ளைக் கோழி இறகின் நுனிகள் நான்கு.

இறக்கை வைக்கிற இடத்தில் நிறுத்தி என்னைக் கேட்டார். "உங்களுக்கு எது வேணும்? பெரிய தட்டானோ, ஊசித் தட்டானோ?"

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றேன். "பெரிய தட்டான் குந்தினாலும் செட்டையை விரிச்சுத்தான் வச்சிருக்கும். ஊசித் தட்டான் முதுகோட சேத்து மடிச்சு வைக்கும். இது மெல்லிசு உடம்பு. ஊசித் தட்டான்தான் சரி." இறக்கைகளை மடித்தே கட்டினார். கடைசியாக மூக்குப் பக்கம் நூலை நூலின் மேலேயே சுற்றி, முனையை உள்ளே விட்டு இழுத்தார். முடிச்சு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அதன்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்து நைனாவிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூச்சியை அவர் பார்க்கவில்லை. முடிச்சைத் தேடினார். கிடைக்கவில்லை. "மெழுகு போட்டு இழுத்துக் கட்டிக்கீதே, நம்மாளுங்களா?" என்று கேட்டார். மெழுகு நூலைப் பதமாக இழுக்கிற கை என்றால் அது நம்முடைய கையாகத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு. இங்கிலாந்துப் பிரபுக்கள் இதைப் பொழுதுபோக்காகச் செய்வார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பொழுது போகாதவன் செய்யலாம்டா, சோத்துக்குச் செய்யறவந்தான் கீழு" என்றார். தலித் அழகியல் பற்றி நான் படித்த கட்டுரைகள் பல பக்கங்களில் சொன்னதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

சரி, இந்தப் பொய்ப் பூச்சிக்கு மூலமான நிசத் தட்டானை யார் அதிகம் அறிந்தவர்கள்? ஃபிரேசர் என்ற வெள்ளைக்கார ராணுவ மருத்துவர் 1933, 1934, 1936 ஆகிய வருசங்களில் இந்தியத் தட்டான்களைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதினார். இன்றைக்கும் ஆய்வாளர்கள் அவற்றைப் புரட்டுகிறார்கள். பெரிய உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் நடவுக்கும் களைக்கும் முழங்கால் சேற்றில் நிற்கிற எங்கள் பெண்களுக்குத் தட்டானின் இன்னொரு பிறப்பும் தெரியும். முட்டையிலிருந்து வருகிற குஞ்சு தண்ணீருக்குள்தான் வளரும். பார்த்தால் தட்டான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சேற்று நிறத்தில், ஆறு காலோடு, சிலந்தி மாதிரி இருக்கும். முகத்துக்குக் கீழே மடித்து வைத்திருக்கிற கொடுக்கு ஒன்றைச் சட்டென்று நீட்டித் தலைப்பிரட்டையைப் பிடித்துத் தின்னும். பின்பக்கத்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து முன்னால் பாயும். ஊசித் தட்டானின் குஞ்சுக்கு வாலில் இலை மாதிரி மூன்று செவுள் உண்டு. வளர்ந்ததும் நெல் தாளையோ கோரையையோ பிடித்து மேலே ஏறி, முதுகு வெடித்து, இறக்கையோடு வெளியே வரும். கூடு மட்டும் தாளில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மீன் அதிகம் தின்பது பறக்கிற தட்டானை அல்ல, தண்ணீருக்குள் இருக்கிற இந்தக் குஞ்சைத்தான். அக்காவின் மேசையிலும் குஞ்சு மாதிரியே அதிகம் கட்டச் சொல்வார்களாம்.

ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் போலச் சேரிப் பிள்ளைகளும் தட்டான் பிடித்து வாலில் நூல் கட்டிக் கல் தூக்க வைப்பார்கள். எங்கள் அவ்வாவுக்கு அது பிடிக்காது. "நாம தூக்கறது பத்தாதா, அதுங்கூடவா தூக்கணும்" என்று திட்டும். பூச்சியின் பெயரிலும் ஒரு சங்கதி இருக்கிறது. தட்டான் என்றால் பொற்கொல்லன் என்றும் பொருள். பொன் தட்டுகிறவரின் பெயரை ஒரு பூச்சிக்கும் வைத்துக் குழந்தைகள் பாட்டுப் பாடலாம். தோல் தைக்கிறவரின் பெயரை எதற்கும் வைக்க மாட்டார்கள், திட்டுவதற்கு மட்டும் எடுப்பார்கள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் மஞ்சள் தட்டான்கள் கூட்டம் கூட்டமாக நம் தலைக்கு மேலே பறக்கும். அவை எங்கே போகின்றன என்பதைச் சார்லஸ் ஆண்டர்சன் என்பவர் மாலத்தீவில் வருசக்கணக்காக உட்கார்ந்து கவனித்து 2009 இல் எழுதினார். இந்தியாவிலிருந்து காற்றோடு கிளம்பி, மாலத்தீவு வழியாக இந்துமாக்கடலையே தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்பது அவர் முடிவு. பாஸ்போர்ட் இல்லை, முகாம் இல்லை, மாலையில் வந்து கையெழுத்துப் போடு என்று சொல்ல கியூ பிராஞ்ச் இல்லை. நம் ஏரியில் பிறந்த தட்டான் கென்யாவில் போய் இறங்குகிறது. அந்தக் கென்யாவில், வெள்ளைக்காரக் குடியேறிகள் தொடங்கி வைத்த தொழிலில், கறுப்பினப் பெண்கள் உட்கார்ந்து அதே தட்டானைப் பொய்யாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் முகாமின் அக்காவும் அந்தப் பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள்தாம்.

இந்தப் பூச்சிகளின் இறகுகளுக்குப் பின்னால் ஒரு ராஜ்ஜியமே இருந்தது. விக்டோரியா ராணி காலத்தில் சால்மன் மீனுக்குக் கட்டிய பூச்சிகளுக்கு உலகத்தின் காடுகளிலிருந்தெல்லாம் இறகு போயிற்று. அதில் ஒன்று நம்முடையது. தென்னிந்தியக் காடுகளில் திரிகிற சாம்பல் நிறக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில், மெழுகுச் சொட்டு வைத்த மாதிரிப் பளபளப்பான புள்ளிகள் உண்டு. அந்தப் புள்ளி பூச்சிக்குக் கண் ஆயிற்று. 1895 இல் கெல்சன் என்பவர் எழுதிய சால்மன் பூச்சிப் புத்தகத்தின் காலத்தில் அந்த இறகு இல்லாமல் பெரிய பூச்சிகள் பல முழுமை ஆகாது. இன்றைக்கு அந்தக் கோழியை 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. இறகு வெறி மட்டும் போகவில்லை. 2009 ஜூனில் இங்கிலாந்தின் டிரிங் ஊரில் இருக்கிற இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் ராத்திரி புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடிக்கொண்டு போனார் ஓர் இளைஞர். அவர் ஓர் இசை மாணவர். பொய்ப் பூச்சி கட்டுவதில் பெயர் எடுத்தவர். அந்த இறகுகளை வாங்கிய கலா ரசிகர்கள் பலர் தாம் கட்டுகிற பூச்சியைத் தண்ணீரில் போடுவதே இல்லையாம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்களாம்.

காட்டுக்கும் தண்ணீருக்கும் அவர்கள் சட்டமும் போட்டார்கள். 1879 இல் நீலகிரிக்கென்று வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்தது. காலங்காலமாக அந்த மலையில் இருந்தவர்களின் காடும் ஓடையும் துரைமார் விளையாட்டுக்கு வேலி போட்ட இடம் ஆயின. பிறகு அந்த ஓடைகளில் பொய்ப் பூச்சி வீசிப் பிடிப்பதற்கென்றே டிரவுட் மீனைக் கடல் கடந்து கொண்டுவந்து விட்டார்கள். சமவெளியையும் விடவில்லை. மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி எச்.எஸ். தாமஸ் 1873 இல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு புத்தகமும், 1887 இல் நம் ஏரி குளங்களில் தூண்டில் போடுவது பற்றியே தனியாக ஒரு புத்தகமும் எழுதினார். நினைத்துப் பாருங்கள். ஏழு கடல் தாண்டி வந்த துரை நம் ஏரிக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தூண்டில் வீசலாம். அந்த ஏரிக்கு மண் சுமந்தவனின் பேரன் குடம் எடுத்துக்கொண்டு இறங்கக் கூடாது. பொதுக் கிணறும் குளமும் சாலையும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்தது 1924 இல். அண்ணல் அம்பேத்கர் மகாடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தது 1927 மார்ச் 20 இல். அந்தக் குளத்து வழக்கு உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் முடிய 1937 ஆயிற்று. ஒரு கை தண்ணீருக்குப் பத்து வருசம்.

குடிக்கிற தண்ணீருக்கே இந்தப் பாடு என்றால் அதில் இருக்கிற மீனுக்கு? எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் ஊர் ஏரியில் நானும் சேரிப் பையன்கள் மூன்று பேரும் மூங்கில் குச்சியில் நரம்பு கட்டித் தூண்டில் போட்டோம். ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரின் ஆள் வந்தார். எங்களுக்குப் பத்து அடி தள்ளி ஊர்த்தெருப் பையன்களும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்து "சின்ன மீனுங்கள விட்டுருங்கடா" என்று சிரித்தார். எங்கள் குச்சிகளை வாங்கி முழங்காலில் வைத்து முறித்தார். "ஏரியில கை வெக்கற அளவுக்கு வந்துட்டிங்களா?" என்றார். சாயந்திரம் நைனாவைக் கூப்பிட்டு அனுப்பி நிற்க வைத்துப் பேசினார்கள். நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் பிடித்திருந்த கெண்டைக் குஞ்சு மொத்தம் நான்கு. குத்தகைக்காரருக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. மீன் போனதற்காக வந்த கோபம் அல்ல அது. தண்ணீர் யாருடையது என்று எங்களுக்குச் சொல்லி வைக்க வேண்டியிருந்தது.

ஏரி மீன்பாசிக் குத்தகை என்பதை வெறும் வியாபாரம் என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை ஏலம் நடக்கிற இடத்துக்குப் போய் நின்று பார்க்க வேண்டும். ஏலம் பொது ஏலம்தான். நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஆனால் எங்கள் பக்கம் நான் போய் நின்று பார்த்த ஏலங்களில், யார் கேட்பது, எவ்வளவுக்குக் கேட்பது, யார் விட்டுக்கொடுப்பது என்பதெல்லாம் முந்தின நாள் ராத்திரியே ஊர்த்தெருவில் பேசி முடிந்திருந்தது. சேரியிலிருந்து ஒருவர் கேட்கப் போனால் முதலில் முன்பணம் எங்கே என்பார்கள். முன்பணத்தைக் காட்டினால் மீனை யார் வாங்குவார்கள் என்பார்கள். அதற்கும் பதில் சொன்னால் ராத்திரி ஏரிக்கு யார் காவல் என்பார்கள். அந்தக் கடைசிக் கேள்வியில்தான் மிரட்டல் இருக்கிறது.

இந்த இடத்தில் எழுதுகிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பொய்ப் பூச்சி கட்டுவதில் அவர்களுக்குள் நூறு வருசத்துக்கு மேலாக ஒரு சண்டை நடக்கிறது. 1886 இல் புத்தகம் எழுதிய ஹால்ஃபோர்டு என்பவரின் கட்சி, பூச்சி அச்சு அசலாக இருக்க வேண்டும் என்றது. நிறம், அளவு, இறக்கை எல்லாம் அப்படி அப்படியே. எதிர்க்கட்சி, உருவம் சுமாராக இருந்தாலும் போதும், தண்ணீரில் உயிர் இருக்கிற மாதிரி அசைய வேண்டும் என்றது. அக்காவிடம் கேட்டேன். அவருக்கு ஹால்ஃபோர்டைத் தெரியாது. "கண்ணாடிப் பெட்டியில வைக்கிறதுக்கு எண்டா கால், நகம் எல்லாம் வைக்கலாம் தம்பி. அது விறைச்சுப் போய்க் கிடக்கும். மீனுக்கு எண்டா இறகு மெல்லிசா இருக்கோணும், தண்ணிக்குள்ள மூச்சு விடுற மாதிரி ஆடோணும்" என்றார். மேசையில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அது. தலித் வாழ்க்கையை அச்சு அசலாகத் தந்துவிட்டதாகச் சொல்கிற கதைகள் சிலவற்றைப் படிக்கும்போது எனக்கு இந்த வார்த்தை ஞாபகம் வருகிறது. அதில் சேரி இருக்கிறது, பன்றி இருக்கிறது, சாராயம் இருக்கிறது, நம் வசவு எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. கால் நகம்கூட இருக்கிறது. மூச்சு மட்டும் இல்லை. அந்த மாதிரிக் கதையைப் பாராட்டுவதற்கு முன்னால் உள்ளே முள் இருக்கிறதா என்றும் தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது.

அக்கா கட்டிய பூச்சிகளை முகாம் பையன்கள் அணையில் போட்டுப் பார்த்தார்கள். முதல் நாள் ஒன்றும் கடிக்கவில்லை. ஒருவன் குச்சியைச் சும்மா பிடிக்காமல் நரம்பை விட்டு விட்டு இழுத்து, பூச்சியைத் தண்ணீர்மேல் தத்த வைத்தான். ஜிலேபி மீன் ஒன்று வந்து கவ்வியது. உள்ளங்கை அகலம்கூட இல்லை. அக்கா அதைக் கையில் வாங்கி வாயைத் திறந்து, முள் எங்கே ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். "இத்தன வருசம் கட்டி இப்பத்தான் பாக்கிறன்" என்றார். ஆயிரக்கணக்கான பூச்சி கட்டிய பெண் அவர்.

பொய்த் தட்டான் கட்டி விற்றுச் சேரி முன்னேறிவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு சுயதொழில் பயிற்சி என்று போர்டு மாட்டி, மூன்று நாள் சாப்பாடு போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்களை நிறையப் பார்த்துவிட்டோம். தாத்தாவின் தொழிலுக்கே திரும்பிப் போவோம் என்றும் சொல்லவில்லை. என் பிள்ளை அந்தப் பெட்டியைத் தூக்கக் கூடாது என்பதில் நைனா என்னைவிட உறுதியாக இருக்கிறார். நான் சொல்வது இரண்டே விசயம். எங்கள் கையில் இருந்தது அறிவு. நூலின் பதம், தோலின் பதம், மெழுகின் சூடு, முடிச்சு மறைகிற இடம் எல்லாம் அறிவு. அதை இழிதொழில் என்று எழுதியவர்களின் புத்தகத்தைத் திருத்தி எழுத வேண்டும். தமிழ் படித்த நமக்கு அந்த வேலை இருக்கிறது. அக்காவின் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் கடைசியில் "தூண்டில் பூச்சி கட்டும் கைவினைஞர்" என்று எழுதினேன். அலுவலகத்தில் அதை அடித்துவிட்டுக் "கூலி" என்று போட்டுக்கொண்டார்கள்.

இரண்டாவது, தண்ணீர். கைவினை எவ்வளவு இருந்தாலும் ஏரி அடுத்தவன் கையில் இருந்தால் நாம் காலத்துக்கும் அடுத்தவனுக்குத்தான் பூச்சி கட்டிக்கொண்டிருப்போம். எங்கள் சேரிப் பெண்கள் குழுவின் பெயரில் ஏரி மீன்பாசிக் குத்தகையில் பங்கு கேட்டுக் கிராம சபையில் மனு கொடுத்தோம். வாங்கிக்கொள்ளவே அரை மணி நேரம் யோசித்தார்கள். பிறகு பரிசீலிக்கப்படும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை மடக்கி, கசங்காமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறோம். அடுத்த கிராம சபைக்கும் அதை எடுத்துக்கொண்டு போகிறோம். போன தடவை பதினோரு பெண்கள் வந்தார்கள். இந்தத் தடவை தெருவில் எல்லா வீட்டிலும் சொல்லியிருக்கிறோம். பக்கத்து ஊர்த் தோழர்களும் வந்து நின்றால் நன்றாக இருக்கும்.